வுல்ஃப்வாக்கர்ஸ் திரைப்படத்தில் அழிக்கப்படாமல் நிற்கும் பென்சில் கோடுகள்: ஒரு கேள்வி

நான்காம்வரிசை:

அயர்லாந்தின் கில்கென்னி நகரில் இயங்கும் கார்ட்டூன் சலூன் நிறுவனத்தின் தயாரிப்பில், டாம் மூரும் ராஸ் ஸ்டீவர்ட்டும் இயக்கி 2020ஆம் ஆண்டு வெளிவந்த வுல்ஃப்வாக்கர்ஸ் என்னும் கையோவிய அனிமேஷன் படத்தை அண்மையில் பார்த்தேன். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டு 1650. ஓநாய்களை வேட்டையாடுவதற்காக இங்கிலாந்திலிருந்து கில்கென்னிக்கு வந்திருக்கும் பில் குட்ஃபெல்லோ என்பவரின் மகள் ராபின், மதிலுக்கு வெளியேயுள்ள காட்டில் மேவ் என்ற சிறுமியைச் சந்திக்கிறாள். மேவ் உறங்கும்போது அவளுடைய உயிர் ஓநாய் வடிவெடுத்து வெளியே திரிகிறது; உடல் மட்டும் அங்கேயே கிடக்கிறது. அவளிடம் தற்செயலாகக் கடிபட்ட ராபினுக்கும் அதே இயல்பு வந்துவிடுகிறது. நகரை ஆளும் லார்ட் புரொடெக்டரோ காட்டை வெட்டி, ஓநாய்களை அடியோடு ஒழிக்கத் துடிக்கிறார்.

படம் முழுவதும் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது ஒரு விஷயம். மேவின் தலைமுடியைச் சுற்றியும் ஓநாய்களின் கால்களைச் சுற்றியும், ஓவியர் முதலில் உருவத்தைப் பிடிப்பதற்காகப் போடும் வட்டங்களும் துணைக்கோடுகளும் அப்படியே தெரிகின்றன. நகரத்து மனிதர்களிடம் அவை இல்லை. இது கவனக்குறைவாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறதா, இயக்குநர்கள் அதை எந்த அளவுக்குத் திட்டமிட்டிருப்பார்கள் என்பதை அனிமேஷன் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். ராபின் ஓநாயாக ஓடும் காட்சிகளில் ஓவிய முறையே முற்றிலும் மாறிவிடுகிறது; அங்கே கேமரா மரங்களுக்கிடையே சுழன்று போவதைப் பார்க்கும்போது, அது கையால் வரையப்பட்டதுதானா என்ற ஐயமும் எழுந்தது.

கதையைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. உறங்கும் உடலை விட்டு உயிர் ஓநாயாகப் போகும் என்பது அயர்லாந்தின் பழங்கதைகளில் உண்மையிலேயே இருப்பதா, அல்லது ஐரோப்பா முழுவதும் வழங்கும் ஓநாய் மனிதன் கதைகளை எடுத்துக்கொண்டு அயர்லாந்து வேடம் போட்டிருக்கிறார்களா?

மைத்தடம்:

உங்கள் கண்ணில் பட்டது படத்தின் அடிப்படையான முடிவுகளில் ஒன்று. கையால் வரையும் அனிமேஷனில் உருவத்தின் கட்டமைப்பை முதலில் லேசான வட்டங்களிலும் வளைவுகளிலும் பிடித்துக்கொண்டு, அதன்மேல் உடலையும் முகத்தையும் வரைவது பழைய வழக்கம். அடுத்து வரும் கிளீன்-அப் கட்டத்தில் வேறொருவர் அந்த வரைபடத்தை எடுத்துத் துணைக்கோடுகளையெல்லாம் நீக்கி, சீரான ஒற்றைப் புறக்கோட்டில் உருவத்தை மறுபடி வரைவார். திரையில் நாம் பார்த்துப் பழகியது இந்த இரண்டாவது கோட்டைத்தான். முதற்கோட்டில் இருக்கும் துடிப்பு இரண்டாவதில் குறைந்துபோகிறது என்று அனிமேஷன் கலைஞர்கள் காலங்காலமாகக் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. வுல்ஃப்வாக்கர்ஸில் காட்டைச் சேர்ந்த உயிர்களுக்கு மட்டும் அந்த முதற்கோட்டை அழியாமல் விட்டிருக்கிறார்கள்.

நகரத்தைப் பாருங்கள். அங்கே முன்மாதிரி 17ஆம் நூற்றாண்டின் மரச்செதுக்கு அச்சுப்படங்கள். புறக்கோடு தடித்து, முனைகள் கூர்மையாக, உளியால் வெட்டியதுபோல் இருக்கும். சில இடங்களில் நிறம் கோட்டுக்குள் சரியாக அடங்காமல் சற்றே விலகி நிற்கும், மலிவான அச்சில் வண்ணக்கட்டை பிசகி விழுந்ததைப்போல. வீடுகளும் கோட்டையும் ஆழமே இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அக்கால நகர வரைபடங்களில் காண்பதுபோல ஒரு கட்டடத்தின் முகப்பும் அதன் பின்னாலிருக்கும் தெருவும் ஒரே தளத்தில் தெரிகின்றன. ராபின் கோட்டையின் சமையற்கட்டில் வேலைக்கு அனுப்பப்படும் காட்சிகளில் சட்டகமே கம்பிக்கூண்டுபோலச் செங்குத்துக் கோடுகளால் நிறைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காட்டுக்குள் போனால் நேர்கோடு என்பதே அரிது; நீர்வண்ணம் ஓரங்களைத் தாண்டிப் பரவுகிறது, பென்சில் தடம் இலைகளுக்கு நடுவே அலைகிறது.

இரு உலகங்களுக்கு இரு பாணி என்பதோடு இது நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன், ஏனென்றால் அப்படிப் பிரித்துக் காட்டுவது எளிது. ராபினின் கோடு படத்தின் போக்கில் இடம்பெயர்கிறது என்பதுதான் பெரிய விஷயம். தொடக்கத்தில் அவள் நகரத்துக் கோட்டில் அடைபட்ட சிறுமி. கடிபட்ட பிறகு அவளுடைய புறக்கோடு சிறிது சிறிதாகத் தளர்கிறது; ஓநாய் வடிவில் அது முழுக்கக் காட்டுக் கோடாகிவிடுகிறது. அவளுடைய தந்தையின் தோள்களோ ஏறக்குறைய கடைசிவரை சதுரமாகவே இருக்கின்றன. மகள் எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்பதை வசனம் சொல்வதற்கு முன்பே கோடு சொல்லிவிடுகிறது. கணினியில் முப்பரிமாணப் பொம்மையை உருவாக்கி அசைக்கும் முறையில் இதைச் செய்வது கடினம், ஏனென்றால் அங்கே புறக்கோடு என்ற ஒன்றே கிடையாது. இருப்பது தோலும் அதன்மேல் விழும் ஒளியும்தான்.

ஓநாய்ப் பார்வைக் காட்சிகளைப் பற்றி. அவற்றை எய்மின் மக்நமாரா தலைமையில் ஒரு தனிக் குழு செய்தது. காட்டின் நிலவமைப்பை மெய்நிகர்க் கருவிகளின் துணையோடு முப்பரிமாணத்தில் அமைத்து, அதனூடே கேமராவை ஓடவிட்டு, கிடைத்த காட்சிகளின்மேல் கரித்துண்டாலும் பென்சிலாலும் தாளில் ஒவ்வொன்றாக வரைந்தார்கள். ஆகவே கேமராவின் சுழற்சிக்குக் கணினி உதவியது என்ற உங்கள் ஊகம் சரி. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு தடமும் கையின் தடம் என்பதும் சரி. மணம் வண்ண இழைகளாகவும் ஓசை நீரலையாகவும் வரும் அந்தப் பகுதியில் கரித்துண்டின் மணல்தன்மை திரையில் துடித்துக்கொண்டே இருப்பதற்குக் காரணம், ஒரு தாளில் விழுந்த தடம் அடுத்த தாளில் அதே இடத்தில் விழாது என்பதே. ஜப்பானிய இயக்குநர் இசாவோ தக்காஹாட்டா 2013இல் எடுத்த காகுயா இளவரசியின் கதையைப் பார்த்தவர்களுக்கு, அந்த இளவரசி அரண்மனையை விட்டு ஓடும்போது ஓவியமே சிதறிப்போகும் இடம் நினைவுக்கு வரும். டாம் மூர் அந்தப் படத்தின்மேல் தமக்குள்ள மதிப்பைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

மற்றக் காட்சிகளில் பெரும்பகுதி தாளில் வரையப்படவில்லை. கணினித் திரையில் எழுதுகோலால் டிவிபெயின்ட் என்ற மென்பொருளில் வரையப்பட்டது. இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்தில் பெரும்பாலும் ஒரு வரைபடம் இரண்டு சட்டகங்களுக்கு நிற்கும். அப்படிப் பார்த்தால் நொடிக்குப் பன்னிரண்டு முறை ஒரு மனிதர் வெற்றிடத்தில் தொடங்கி உருவத்தைப் புதிதாக வரைந்தாக வேண்டும். அந்தத் தொடக்கம் தாளில் நடந்தாலும் கண்ணாடித் திரையில் நடந்தாலும் உழைப்பும் முடிவெடுப்பும் ஒன்றே.

ஒரேயொரு குறை சொல்வதானால், ராபினும் மேவும் இரவெல்லாம் ஓடும் காட்சியில் பாடகி அரோராவின் பாடல் தொடங்கியதும் படம் சிறிது நேரம் தன் காலத்தை மறந்து தனி இசைக் காணொளியாகிவிடுகிறது. கீலா குழுவும் புரூனோ கூலேயும் சேர்ந்து தந்த பின்னணி இசையே அங்கே போதுமானதாக இருந்திருக்கும்.

பழஞ்சுவடி:

கோடுகளைப் பற்றி எனக்குத் தெரியாது. கதையைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இது வேடம் போட்ட கதை இல்லை. இன்னும் சொல்லப்போனால், படம் நிகழும் அதே நிலப்பகுதிக்கு உரிய கதை. இன்றைய கில்கென்னி மாவட்டமும் அதையடுத்த லீஷ் மாவட்டத்தின் மேற்குப் பகுதியும் சேர்ந்த பழைய சிற்றரசுக்கு ஆஸரி என்று பெயர். அந்த ஆஸரியின் மக்களில் ஒரு பிரிவினர் ஓநாய்களாகத் திரிவார்கள் என்ற செய்தி இடைக்கால ஏடுகள் பலவற்றில் வருகிறது.

எல்லாரும் முதலில் எடுத்துக்காட்டுவது வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்டு எழுதியதை. அவர் 1185இல் இங்கிலாந்து இளவரசர் ஜானுடன் அயர்லாந்துக்கு வந்தவர். அந்த நாட்டைப் பற்றிய அவருடைய இலத்தீன் நூல் 1188 அளவில் வெளிப்பட்டது. அதில், அல்ஸ்டரிலிருந்து மீத் நோக்கிச் சென்ற கிறித்தவக் குரு ஒருவர் இரவில் காட்டோரம் நெருப்பு மூட்டித் தங்கியிருக்கிறார். ஓர் ஓநாய் நெருங்கி வந்து, அஞ்ச வேண்டாம் என்று மனிதக் குரலில் பேசுகிறது. ஒரு துறவியின் சாபத்தால் ஆஸரியைச் சேர்ந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஏழாண்டுகளுக்கு ஓநாய் வடிவில் வாழ வேண்டும் என்றும், அதன்பின் வேறு இருவர் அந்த இடத்துக்கு வருவார்கள் என்றும், தன் துணை இறக்கும் தறுவாயில் இருப்பதால் இறப்பவர்க்குச் செய்யும் கிறித்தவ இறுதி வழிபாட்டை அவளுக்குச் செய்ய வேண்டும் என்றும் அது கேட்கிறது. குரு தயங்குகிறார். அப்போது ஆண் ஓநாய் தன் நகத்தால் பெண் ஓநாயின் தோலைத் தலையிலிருந்து கொப்பூழ்வரை உரித்துக் காட்ட, உள்ளே ஒரு மூதாட்டி தெரிகிறாள். ஜெரால்டுக்கு அயர்லாந்து மக்கள்மேல் அவ்வளவு நல்லெண்ணம் கிடையாது. ஆக்கிரமிக்க வந்தவர்களின் தரப்பிலிருந்து எழுதியவர் அவர். ஆயினும் இந்த இடத்தில் ஓநாய்மேல் அவருக்கு இரக்கம் பிறந்துவிடுகிறது.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் ஜெரால்டிடம் இல்லை, ஏனென்றால் அவர் கதையில் மனிதர் தோலுக்குள் இருக்கிறார். உடலை விட்டு உயிர் வெளியேறுவதில்லை. அதற்கு, அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்தையதாகக் கருதப்படும், அயர்லாந்தின் அதிசயங்களைப் பாடும் ஓர் இலத்தீன் செய்யுளைப் பார்க்க வேண்டும். அதில் வரும் மனிதர்கள் விரும்பும்போது தங்கள் மனித உடலைப் போட்டுவிட்டு ஓநாயாகப் போவார்களாம். போகும்முன் தம் உடலை யாரும் இடம் மாற்றக் கூடாது என்று சுற்றத்தாரிடம் சொல்லிவிட்டுப் போவார்களாம். உடல் நகர்த்தப்பட்டால் திரும்பி வர முடியாது. ஓநாய்க்கு ஏற்படும் காயம் கிடக்கும் உடலிலும் தோன்றும். தின்ற இறைச்சிகூட அந்த உடலின் வாயில் காணப்படும். குகைக்குள் அசைவற்றுக் கிடக்கும் மேவின் தாயான மால் என்பவளையும், அவளுடைய ஓநாய் வடிவம் கோட்டையில் கூண்டில் அடைபட்டிருப்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். படத்தின் முழுக் கதையோட்டமும் அந்தச் சில வரிகளில் அடங்கியிருக்கிறது.

13ஆம் நூற்றாண்டின் நார்வே நூல் ஒன்றும் இதைச் சொல்கிறது. அங்கே காரணம் வேறு: புனித பேட்ரிக் போதிக்க வந்தபோது ஒரு குலத்தார் ஓநாய்போல் ஊளையிட்டு அவரை அவமதித்ததால் வந்த தண்டனையாம். ஐரோப்பாவின் பிற பகுதிகளில் ஓநாய் மனிதன் பெரும்பாலும் பேயோடு உடன்படிக்கை செய்துகொண்ட கொலைகாரனாகச் சித்திரிக்கப்படுகிறான். ஆஸரியின் ஓநாய்களிடம் அந்தக் கொடூரம் குறைவு. படத்தில் ஓநாய்மக்கள் காயங்களைக் குணமாக்குபவர்களாக வருவது திரைக்கதை சேர்த்த புதுமை என்றே தோன்றுகிறது. எனக்கு அது உறுத்தவில்லை.

இதே இயக்குநரின் முந்தைய படமான சாங் ஆஃப் த சீ (2014) கடல்நாய்ப் பெண்ணின் கதையைக் கையாண்டது. மேற்குக் கரையில் விடுமுறையிலிருந்தபோது, மீன்வளம் குறைந்ததற்குக் கடல்நாய்களைக் காரணம் காட்டி அவற்றைக் கொன்று கரையில் போட்டிருந்ததைக் கண்டதிலிருந்து அந்தப் படம் பிறந்ததாக மூர் சொல்லியிருக்கிறார். கடல்நாய் மனிதராகலாம் என்று நம்பியவர்கள் அதைக் கொல்லத் தயங்கினார்கள். நம்பிக்கை போனதும் தயக்கமும் போயிற்று. வுல்ஃப்வாக்கர்ஸ் அதே எண்ணத்தைக் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

கல்மதில்:

மேலே இருவரும் படத்தின் நிறைகளை விரிவாகச் சொல்லிவிட்டதால் நான் மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன். ஓவியத்தில் இவ்வளவு நுணுக்கம் காட்டியவர்கள் வரலாற்றில் அதைக் காட்டவில்லை.

இங்கிலாந்து நாடாளுமன்றப் படையின் தளபதி ஆலிவர் கிராம்வெல் 1649 ஆகஸ்டில் படையோடு டப்ளினில் இறங்கினார். கில்கென்னி 1650 மார்ச் இறுதியில் சரணடைந்தது. மே மாதத்தில் அவர் அயர்லாந்தை விட்டே போய்விட்டார். லார்ட் புரொடெக்டர் என்ற ஆட்சித்தலைவர் பதவி அவருக்கு 1653 டிசம்பரில்தான் வந்தது. படம் அவர் பெயரைச் சொல்லாமல் பதவியை மட்டும் சொல்லி 1650இல் கோட்டையில் உட்காரவைத்திருக்கிறது. ஆண்டுக்கணக்கு இடறுவதைக் கற்பனையுரிமை என்று விட்டுவிடலாம். ஆனால் காடழிப்பு முழுவதையும் ஒரு தனிமனிதரின் மதவெறியாகச் சுருக்கியது எனக்குச் சரியாகப் படவில்லை. கப்பலுக்கும் பீப்பாய்க்கும் இரும்பு உருக்குவதற்குமாக அயர்லாந்தின் மரங்கள் அதற்கு முந்தைய தலைமுறையிலேயே விழத் தொடங்கிவிட்டன. ஓநாய் வேட்டையும் ஆங்கிலேயர் கொண்டுவந்ததல்ல. அந்த நாட்டுப் பெருநாய்கள் அதற்காகவே புகழ்பெற்றவை.

கிராம்வெல்லின் ஆட்சி செய்ததெல்லாம் அந்த வேட்டையை அரசின் கணக்குப் புத்தகத்தில் ஏற்றியதுதான். ஓநாய்களின் தொல்லை பெருகிவிட்டதால் பெருநாய்களை நாட்டை விட்டு ஏற்றுமதி செய்யக் கூடாது என்ற தடையாணை 1652 ஏப்ரலில் கில்கென்னியிலிருந்தே பிறப்பிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பரிசுத்தொகை அறிவித்தார்கள்: பெண் ஓநாயின் தலைக்கு 6 பவுண்டு, ஆணுக்கு 5 பவுண்டு, தானே இரைதேடும் குட்டிக்கு 40 ஷில்லிங், பால்குடிக் குட்டிக்கு 10 ஷில்லிங். பெண்ணுக்கு விலை கூடுதல் என்பதிலேயே நோக்கம் விளங்கும். போரால் ஊர்கள் பாழானதும் ஓநாய்கள் பெருகியதும் தொடர்புடையவை. படம் அந்தத் தொடர்பைத் தொடவேயில்லை. அயர்லாந்தின் கடைசி ஓநாய் 1786இல் கார்லோ மாவட்டத்தில் கொல்லப்பட்டதாகச் சொல்வது வழக்கம். இத்தனையும் தெரிந்த ஒருவர், கொடியவன் அருவியில் விழுந்ததும் குடும்பம் மகிழ்ச்சியாக வண்டியேறிப் போகும் முடிவை எப்படி ஏற்பது? குழந்தைகளும் பார்க்கும் படம் என்பது தெரியும். குழந்தைகளுக்குத் தோல்வியைச் சொல்லக் கூடாது என்று யார் சொன்னது?

நான்காம்வரிசை:

மூவருக்கும் நன்றி. அந்த இலத்தீன் செய்யுளைப் பற்றிய செய்தி, மால் குகையில் கிடக்கும் காட்சியை எனக்கு வேறு விதமாகக் காட்டிவிட்டது. கல்மதில் எழுப்பிய கேள்விக்கு மைத்தடத்தின் பதிலை அறிய விரும்புகிறேன். தந்தையின் கோடு கடைசிவரை சதுரமாக இருக்கிறது என்று சொன்னீர்கள். அவரும் கடிபட்டு ஓநாயான பிறகு, அந்த முடிவுக் காட்சியில் கோடு என்னவாகிறது?

மைத்தடம்:

அவருடைய உருவம் அங்கே தளர்ந்துதான் இருக்கிறது. சமையற்கட்டு வாசலில் நின்று மகளை அதட்டிய மனிதரின் இறுக்கத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும். பின்னணியிலும் மதிலின் நேர்கோடுகள் ஒன்றுகூட மிச்சமில்லை.

கல்மதில் தந்த ஆண்டுகளோடு எனக்குச் சண்டையில்லை. கொடியவரை ஒரே ஆளாக்கியது கதையை எளிமைப்படுத்திவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நகரத்து ஐரிஷ் மக்களின் அச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்கியிருக்கலாம். ஆனால் அந்த முடிவை வெற்றி என்று நான் படிக்கவில்லை. அவர்கள் காட்டைக் காப்பாற்றவில்லை. பீரங்கியும் நெருப்பும் புகுந்த காட்டை விட்டுவிட்டு, குட்டிகளோடும் மூட்டை முடிச்சோடும் வேறிடம் தேடிப் போகிறார்கள். இங்கிலாந்து நாடாளுமன்றம் 1652இல் இயற்றிய சட்டத்தின் கீழ் நிலம் பறிக்கப்பட்ட அயர்லாந்துக் குடும்பங்கள் 1654 மே மாதத்துக்குள் மேற்கே கனாக்ட் பகுதிக்குப் போய்விட வேண்டும் என்று ஆணை பிறந்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். வண்டி எந்தத் திசையில் போகிறது என்பதைப் படம் சொல்லவில்லை. நான் அது மேற்கே போவதாகத்தான் பார்த்தேன்.

கல்மதில்:

அப்படிப் பார்த்தால் என் எதிர்ப்பில் பாதியை விட்டுக்கொடுக்கலாம். மீதிப் பாதி நிற்கிறது: துரத்தப்பட்டவர்களின் முகத்தில் அத்தனை நிம்மதி எதற்கு?

பழஞ்சுவடி:

ஓநாய்க் கூட்டத்தைப் புதிய இடத்துக்கு அழைத்துப்போக வேண்டும் என்றுதானே மேவ் படத்தின் தொடக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். தாய் திரும்பி வராததால் மட்டுமே அவள் அந்தக் காட்டில் தங்கியிருந்தாள். அவளைப் பொறுத்தவரை தாய் கிடைத்துவிட்டாள், கூட்டம் முழுமையாக இருக்கிறது. நிம்மதிக்கு அது போதும். பில் முகத்தில் தெரிவது அதே நிம்மதிதானா என்பதை அடுத்த முறை பார்க்கும்போது கவனித்துச் சொல்லுங்கள். இங்கிலாந்தையும் கில்கென்னியையும் இழந்தவர் அந்த வண்டியில் அவர் ஒருவர்தான், ராபினுக்கோ கில்கென்னி ஒருபோதும் ஊராக இருந்ததில்லை.